நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு வைரஸ் எப்படி வந்தது?

பென் டிரைவை பிரெஞ்சில் 'க்ளே யூ-எஸ்-பே' என்பார்கள். க்ளே என்றால் சாவி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்ததாலோ என்னவோ, எனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது. சாவியை நாம் கண்டவரிடமும் கொடுத்து வாங்குவதில்லை. பென் டிரைவை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு, டீ குடித்து வந்து வாங்கிக்கொள்கிறோம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் இப்படி ஜாப் ஒர்க் செய்பவர்கள் ஏராளம். இவர் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர். போன ஆடி மாதம் ஒரு நாள் காலை எனக்கு போன் செய்தார். "சார், ஃபோல்டர் எல்லாம் அம்புக்குறி போட்டு நிக்குதுங்க. கொஞ்சம் வந்து பாருங்க." ரிட்டயர் ஆன பிறகு தெருவுக்கே நான்தான் கம்ப்யூட்டர் வைத்தியர்!

சி.என்.சி. மிஷினுக்கு புரோகிராம் அனுப்பும் கம்ப்யூட்டர் அது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்டது. ஆனால் மிஷினுக்கான மென்பொருள் அதில்தான் ஓடும். "நெட் கனெக்‌ஷனே குடுக்கலீங்க சார், வைரஸ் எப்படிங்க வரும்?" என்று கேட்டார். அங்கே வேலை செய்யும் பையன், டிராயிங் பிரிண்ட் எடுக்க அதே பென் டிரைவை பிரவுசிங் சென்டருக்குக் கொண்டு போயிருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இந்த வைரஸ் நம் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைக்கும். நம் ஃபோல்டர்தானே என்று சொடுக்கினால், முதலில் வைரஸ் ஓடும், பிறகு ஃபோல்டரும் திறக்கும். அதனால் சந்தேகமே வராது. மறைந்திருந்த ஃபைல்களை 'அட்ரிப்' என்ற டாஸ் காலத்துக் கட்டளையால் மீட்டோம். கம்ப்யூட்டருக்குள் குடியேறியதை விரட்டத்தான் விண்டோஸையே மறுபடி போட வேண்டியதாயிற்று. மிஷின் மென்பொருளை ஏற்றிக்கொடுக்க ஆள் வரும்வரை இரண்டு நாள் வேலை நின்றது. ஆர்டர் தேதி தவறியது. வாரச் சம்பளத்துக்கு அவர் கைமாற்று வாங்கினார்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். ஈரானின் நத்தான்ஸ் யுரேனியம் ஆலை வெளி நெட்டிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தது. 2010 ஜூனில் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், பென் டிரைவ் வழியாகவும் பரவும் புழு. எதையும் சொடுக்க வேண்டியதில்லை; டிரைவைத் திறந்து ஐகானைத் திரையில் பார்த்தாலே போதும். ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து அது அதிகம் பரவியது இந்தியாவில்தான். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் பிரெஞ்சுக் கடற்படை நெட்வொர்க்கில் கான்ஃபிக்கர் புகுந்து, சில ரஃபேல் விமானங்கள் கிளம்ப முடியாமல் நின்றதாக அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அதற்கும் ஒரு 'க்ளே' மீதுதான் சந்தேகம். தடுப்பதற்கான அப்டேட் 2008 அக்டோபரிலேயே வந்துவிட்டது, போடத்தான் ஆளில்லை. அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்த எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் 'ஆட்டோரன்' வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-இல் பென் டிரைவுகளுக்கு நிறுத்தியது. எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில் அப்டேட் அனுப்பியது. அதனால்தான் வைரஸ்காரர்கள் இப்போது நம் விரலையே நம்புகிறார்கள். விண்டோஸில் ஃபைல் பெயரின் வால் பகுதி தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டர் படம் போட்டு 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் தொடாதீர்கள். வழியில் கிடந்த டிரைவை, யாருடையது என்று பார்ப்பதற்காகக்கூடச் செருக வேண்டாம். பழைய ஃபிளாப்பியில் ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடினால் அதில் எதுவும் எழுத முடியாது. பெரும்பாலான பென் டிரைவுகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பட்டறையில் செய்த ஏற்பாடு இதுதான்: மிஷினுக்கென்று தனி டிரைவ், அது கேட்டைத் தாண்டாது. வெளியிலிருந்து வரும் எதுவும் முதலில் ஆபீஸ் கம்ப்யூட்டரில், அப்டேட் ஆன ஆன்டிவைரஸில் ஸ்கேன் ஆக வேண்டும். தேவையான புரோகிராம் ஃபைலை மட்டும் மிஷின் டிரைவுக்கு மாற்ற வேண்டும். அந்த டிரைவில் சிவப்பு நாடா கட்டி, மிஷின் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். "என் டிரைவையே சந்தேகப்படறீங்களா?" என்று வாடிக்கையாளர் இருவர் கோபித்துக்கொண்டார்களாம். பையன் மசியவில்லை, டீ வாங்கிக் கொடுத்து ஸ்கேன் முடியும்வரை உட்கார வைத்துவிட்டான்.