பிரித்துக் கட்டும் வீடுகள்

சனி, முட்டுக்காடு

கூட்டம் சேருமுன் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டேன். கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து இங்கே வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டிலேயே காலை முழுவதும் கழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடு. நெல் சேமிக்கும் அறைதான் அதற்கு நெஞ்சு. அறையும் நிரையும் என்று கேரளத்தில் சொல்லும் முறை இது: தூணுக்கும் தூணுக்கும் நடுவே பலகைகளை வரிசையாகக் கோத்துவிட்டால் அதுவே சுவர்.

இணைப்புகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்தைத் துளையில் இறக்கிக் குறுக்கே மரமுளை அடித்தால் பூட்டு விழுந்துவிடும். முளையைத் தட்டி எடுத்தால் சட்டம் சேதமில்லாமல் கழன்று வரும். மலை தாண்டிக் கிழக்குக் கரைக்கு வீடு வர முடிந்தது இதனால்தான். இடித்து மர விலைக்குப் போகவிருந்த பழைய வீடுகளை வாங்கி, துண்டுகளுக்கு எண் போட்டு, பிரித்துக் கொண்டுவந்து தச்சர்களை வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் வேலை. வளாகத்துக்கு வடிவம் தந்தவர் லாரி பேக்கர், கட்டி முடித்தவர் பெனி குரியகோஸ். 1996 டிசம்பரில் வாசல் திறந்தது.

பிடுங்கி நட்ட வீடு அசல் வீடாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. எந்த நாளில் இருந்ததை அசல் என்பது? மேற்குக் கரையில் ஓலை வேய்ந்த கூரைகள் எத்தனையோ பின்னாளில் ஓட்டுக்கு மாறின. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதும், ஒரே அளவில் வந்த அந்த ஓட்டுக்கேற்ப ரீப்பர் சட்டங்களின் இடைவெளியையே மாற்றி அடிக்க வேண்டியிருந்தது. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையிலும் இதுதான் கதை. அதன் மூத்த பகுதியான தாய்க் கொட்டாரம் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைச் சுற்றி ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றைச் சேர்த்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா பெரிதாக்கினார். எந்த அடுக்கைக் கழித்தாலும் அது வேறு அரண்மனை.

ஞாயிறு, மாமல்லபுரம்

நேற்றைய வீடு மனதில் இருந்ததால் பாறையில் செதுக்கிய ரதங்கள் வேறு மாதிரி தெரிந்தன. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசையேதான். பீம ரதத்தின் கூரை கூண்டு வண்டியின் மேற்கூடு போல நீளமாக வளைந்து கிடக்கிறது. சகாதேவ ரதம் பின்புறம் அரைவட்டமாக வளைந்த தூங்கானை மாடம். கபோதம் என்னும் கூரை விளிம்பில் வரிசையாக இருக்கும் கூடுகள், வளைந்த மரக் கைகளால் ஆன கூரையின் முகப்புச் சாளரங்கள். ஒற்றைப் பாறைக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. எந்தப் பாரத்தையும் இவை தாங்கவில்லை. தச்சன் கட்டியதைக் கல்தச்சன் கண்ணில் வைத்திருந்து கொத்தியிருக்கிறான். தச்சன் கீழிருந்து மேலே போகிறவன். இவன் உச்சியில் உளி வைத்துக் கீழே இறங்கியவன். அடிப்பகுதிகள் முடியாமல் நின்றுபோனது அதனால்தான்.

பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் கோயில் எடுத்ததாகச் சொல்கிறான். அதுவரை எல்லாம் அவற்றால்தான் ஆகியிருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பல்லவர் காலத்து மர வீடு ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. மழையும் கரையானும் விட்டுவைக்கவில்லை. இந்தப் பாறைகள்தான் அவற்றின் வரைபடம். ஆனால் வரைபடத்தில் யாரும் ஓலை மாற்ற முடியாது. ஏழாம் நூற்றாண்டின் ஒரு நாளில் அது நின்றுவிட்டது. எனக்கு முட்டுக்காட்டு வீடு உயிரோடு இருப்பதாகப் படுவது இந்த வித்தியாசத்தால்.

செவ்வாய், திருக்கழுக்குன்றம்

உறவினர் வீட்டுக் கூரையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். முன்பக்கம் திண்ணை, மரத்தூண். உள்ளே முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு. பின்கட்டில் மெட்ராஸ் டெரஸ். அதாவது தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் பதித்த தளம். அதற்கும் பின்னால், பிற்பாடு எழுப்பிய காங்கிரீட் அறை. நாலு காலத்து வீடு. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு.

ஆசாரி உத்திரங்களை ஒவ்வொன்றாக உளியால் குத்திப் பார்த்தார். நடுமரமெல்லாம் இரும்பாக இருந்தது. சுவருக்குள் நுழையும் முனைகள் மட்டும் மாவாகியிருந்தன. "மரத்து மேல குத்தமில்ல சார், செவுத்துக்குப் பூசின சிமெண்டு மேல" என்றார். உண்மைதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அதை உள்ளேயே அடைத்து வைக்கிறது. முனை அங்கேதான் அழுகுகிறது. வீட்டை மாற்றியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்தவன் கைவைக்க முடியாதபடி மாற்றியதில்தான் வருத்தம். முளையைத் தட்டி எடுக்கலாம், ஓட்டை இறக்கி ஏற்றலாம். கம்பி கட்டி ஊற்றிய தளத்தை உடைக்கத்தான் வேண்டும்.

சாயங்காலம் வரை பேசி, வீட்டாரைச் சம்மதிக்க வைத்தேன். சிமெண்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு பூசுவது. அழுகிய முனைகளை அறுத்து ஒட்டுப் போடுவது. இரண்டு உத்திரங்களை மட்டும் முழுசாக மாற்றுவது. இறக்கும் அந்த இரண்டையும் பழைய மரக்கடைக்குக் கொடுக்க வேண்டாம் என்றேன். திண்ணைத் தூண்களில் அடி உளுத்த மூன்றுக்கு அதிலேயே ஒட்டு எடுக்கலாம் என்று ஆசாரி கணக்குச் சொல்லிவிட்டார்.