மார்கழி வந்தா கரன்ட் பில் ஏறுதா? வெந்நீரை நிறுத்தாமலே குறைக்கலாம்!

கவரைப்பேட்டையில் ஃபேனை நிறுத்தும் மாதங்கள் மார்கழியும் தையும். ஏ.சி ஓடாது, கூலர் ஓடாது. கரன்ட் பில் குறையத்தானே வேண்டும்? பல வீடுகளில் குறைவதில்லை. காரணம், பாத்ரூமில் தொங்கும் கீசர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் இது இன்னும் அதிகம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் விடியற்காலை நாலரைக்குக் குளிப்பார். பிள்ளை ஏழு மணிக்கு. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் காலை எட்டுக்கு. ஒரு வீட்டிலேயே மூன்று நேரம் வெந்நீர். யார் ஸ்விட்ச் போட்டார், யார் அணைத்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

அப்படித்தான் இருந்தது, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்திலும். கணவன், மனைவி, ஐந்து வயதுப் பையன், கணவனின் அம்மா. தனி மீட்டர் கிடையாது, சப் மீட்டர்தான். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வீட்டு உரிமையாளர் மாதாமாதம் வசூலிப்பார். டிசம்பர் கணக்கு வந்த அன்று இரவு கணவனும் மனைவியும் சமையலறையில் நின்று பேசினார்கள். திட்டவில்லை, சண்டை போடவில்லை. "இந்த மாசம் கரன்ட்டுக்கே இவ்ளோ போச்சே" என்றார் அவர். அவ்வளவுதான்.

ஹாலில் படுத்திருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது.

பத்து நாள் கழித்துத்தான் மருமகளுக்கு விஷயம் தெரிந்தது. மாமியார் குளித்துவிட்டு வந்த பிறகு பாத்ரூமுக்குள் போனவர், கீசர் விளக்கு எரியவே இல்லை என்பதைக் கவனித்தார். சுவரில் துளி ஆவி இல்லை.

"அத்தை, பச்சைத் தண்ணியிலயா குளிச்சீங்க?"

"எனக்குப் பழக்கம்தாம்மா. நீங்க ஊத்திக்குங்க."

முட்டி வலிக்கு மாத்திரை போடுகிற 68 வயதுக்காரர். மூன்று நாளாக இருமல் வேறு. வீட்டில் சிக்கனம் என்று யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் அது போய் விழுந்த இடம், வெந்நீர் அதிகம் தேவைப்படும் ஆளின் தலையில்.

ஒரு வாளி வெந்நீர் என்ன விலை?

அன்று மாலை மருமகள் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். கணக்கு இதுதான். 18 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க, ஏறத்தாழ 0.31 யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் இரண்டரை ரூபாய்தான். மாமியார் மாதம் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் மிச்சமாவது 75 ரூபாய். இருமல் மருந்துக்கே பத்தாது.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? கீசர் 15 லிட்டரையும் 60 டிகிரி வரை சூடாக்கும். அதில் 8 லிட்டர் எடுத்துக் குளிர்ந்த நீரோடு கலந்தாலே ஒரு வாளி ரெடி. ஆனால் வெந்நீரைத் திறந்ததுமே அந்த அளவு குளிர்ந்த நீர் டேங்குக்குள் இறங்கும். ஸ்விட்ச் ஆனில் இருந்தால் அதையும் சேர்த்துச் சூடாக்கும். குளித்தவர் சாப்பிட்டு, கம்பெனி பஸ் ஏறிய பிறகும் அந்தத் தண்ணீர் யாருக்காகவோ சூடாகி, ஆறிக்கொண்டிருக்கும். ஒரு தடவைக்கு 0.3 யூனிட் என்று ஒரு நாளில் மூன்று தடவை வீணானால், மாதம் 27 யூனிட். 216 ரூபாய்!

என்ன செய்யலாம்?

* விளக்கு அணைந்ததும், அதாவது தண்ணீர் சூடானதும், ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள். டேங்கில் இருப்பதே ஒரு ஆளுக்குத் தாராளம். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடும் ஆபத்தும் இல்லை.

* பின்னாலேயே குளிக்க ஆள் இருந்தால் அடுத்தடுத்துக் குளியுங்கள். இடைவெளிதான் சூட்டைத் தின்கிறது.

* மொட்டை மாடியில் கறுப்பு டேங்க் இருக்கிறதா? வெயில் அடித்த நாளில் மாலை நாலு மணிக்குக் குழாயைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளை அந்த நேரத்தில் குளிப்பாட்டினால் காலைச் செலவு மிச்சம்.

* புதிதாக கீசர் வாங்கினால் ஸ்டார் பாருங்கள். சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த ஸ்டார் தரப்படுகிறது.

* ஹீட்டர் ராடு பயன்படுத்துகிறவர்கள், பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கவே கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

கேஸ் அடுப்பு லாபமா?

உங்கள் மீட்டரைப் பொறுத்தது. தனி மீட்டர் உள்ள வீடுகளுக்கு 2016-ல், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 5 ரூபாய்க்கும் குறைவு. அங்கே கரன்ட்தான் மலிவு. 500-ஐத் தாண்டியதும் யூனிட் 8 ரூபாய்க்கு மேல் போய்விடும். சப் மீட்டரில் 8 ரூபாய் கொடுக்கிறவர்களுக்கும் கேஸுக்கும் கரன்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு வாளிக்கு ஏறத்தாழ 40 கிராம் கேஸ் செலவாகும். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு நடக்கும் ஆபத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க முதியவர்களுக்கு அரசே உதவித்தொகை தருகிறது. செலவுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்பது அங்கேயும் தெரிந்த விஷயம். நம் ஊரில் அந்த அளவு குளிர் இல்லை. ஆனால் "எனக்கு வேணாம்" என்று சொல்லும் குரல் ஒன்றுதான்.

கவரைப்பேட்டை வீட்டில் இப்போது கீசர் ஸ்விட்சுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. யார் எத்தனை மணிக்குக் குளிப்பது என்ற வரிசை. மருமகளின் கையெழுத்து. கணவர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் முதல் வாளியை நிரப்பி, மூடி போட்டு வைத்துவிட்டுப் போகிறார். அது அம்மாவுக்கு.

உங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீரில் குளிப்பது யார்? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.