காலம் காட்டாத வாக்கியம்

நெல்லைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்குச் 'சாட்சி' என்ற சொல் நீதிமன்றத்தை நினைவூட்டுவதில்லை. கன்வென்ஷன் பந்தலின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒலிபெருக்கியின் முன் நின்று தன் வாழ்க்கையைச் சொல்லும் ஒருவரின் முகத்தையே நினைவூட்டும். சாட்சிக்கு உறுதியான ஒரு வடிவம் உண்டு. முதலில் பாவம், பிறகு வீழ்ச்சியின் அடியாழம், பிறகு அழைப்பு, இறுதியில் விடுதலை. குடித்தேன், அடித்தேன், மனைவியின் தாலியை விற்றேன், ஆண்டவர் என்னைத் தொட்டார், இதோ நிற்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்த நானும் இத்தகைய சாட்சிகளை ஜன்னல் வழியாகக் கேட்டே வளர்ந்தேன். நான் முதலில் கேட்ட கதைகள் புராணங்களா இவையா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இக்கட்டுரை வேறொரு வகைச் சொல்லலைப் பற்றியது. அதை அறிமுகப்படுத்தியவர் என் அண்ணன். அவருடைய அனுமதியுடன்தான் எழுதுகிறேன்.

அண்ணன் தொழிற்சங்கக்காரர், நாத்திகர், நல்ல வாசகர். இந்த மூன்றில் எதுவும் அவரைக் குடியிலிருந்து காப்பாற்றவில்லை. மூன்றாவது கொஞ்சம் தூண்டியிருக்கவும் கூடும். நம் இலக்கியச் சூழலில் குடியைப் பற்றிய பேச்சு இரண்டே வகைதான்: ஒழுக்கவாதியின் வசை அல்லது கலைஞனின் சாகசம். கூட்டம் முடிந்தபின் விடுதி அறையில் நடக்கும் இரண்டாவது கூட்டத்தைப் பற்றி எத்தனை பேர் எவ்வளவு ஆசையுடன் எழுதியிருக்கிறார்கள்! காலை ஆறு மணிக்குக் கை நடுக்கத்தால் தேநீர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் மனிதனுக்கு அவ்விரண்டு வகைகளிலும் இடமில்லை.

2009ல் உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் அண்ணனை ஒரு ஜெப இல்லத்தில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். அங்கே மருந்து கிடையாது, விசுவாசமே மருந்து என்றார்கள். நீண்டகாலக் குடியைத் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதைத் தொடர்ந்து சித்தப்பிரமையும் வரலாம், சரியான சிகிச்சை இல்லையெனில் உயிரே போகலாம் என்பது எந்த மருத்துவரும் சொல்லக்கூடிய செய்தி. இரண்டாம் நாள் இரவு அண்ணனுக்கு வலிப்பு வந்தது. அதைப் பிசாசு வெளியேறும் அறிகுறி என்று அவர்கள் கொண்டார்கள். பிழைத்து, இருபது நாள் கழித்து வீடு திரும்பியவர் அந்த வாரமே குடித்தார். விசாரிக்கப்போன அண்ணியிடம், "அவருக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்லியனுப்பினார்கள்.

ஆகவே அடுத்த ஆண்டு, அரசு மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தபின், மருத்துவர் ஒரு தேவாலய வளாகத்திலிருந்த அறையின் முகவரியைக் கொடுத்தபோது வீட்டில் யாருக்கும் உற்சாகமில்லை. அம்மா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள். "ஏல, அங்க போனா அவனை வேதத்துல சேத்துருவாவளோ?"

அது ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் அறை. செவ்வாய்க்கிழமைகளில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., குழு கூடும். முறைப்படி ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. இடத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுவரில் சிலுவை இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். கூட்டம் ஒரு ஜெபத்துடன் முடிந்தது. குடும்பத்தினரும் வரலாம் என்ற திறந்த கூட்டங்களுக்கு நானும் சில முறை போயிருக்கிறேன்.

அங்கே ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் பேச்சைத் தொடங்குகிறார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி." பதினைந்து ஆண்டுகளாக ஒரு துளி தொடாதவரும் அப்படியே. வாக்கியம் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ஆங்கிலத்தில் அதற்குள் நிகழ்காலம் காட்டும் ஒரு வினை இருக்கிறது. தமிழில் அதுவும் இல்லை. இரண்டு பெயர்கள் அருகருகே நிற்கின்றன. பெயர்ச்சொல் காலம் காட்டாது என்று பள்ளியில் படித்தோமே, அதன் முழுப்பொருளை நான் அந்த அறையில்தான் உணர்ந்தேன். பந்தலில் கேட்ட சாட்சி 'இருந்தேன்' என்ற இறந்தகாலத்தில் நிற்பது. இந்த வாக்கியத்துக்குக் காலமே இல்லை. வினை வருவது அடுத்த வாக்கியத்தில்: "இன்று குடிக்கவில்லை." நாளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடிப் படித்தேன். வேர் முழுக்கக் கிறிஸ்தவம். அமெரிக்க லூத்தரன் போதகரான ஃபிராங்க் புக்மேன் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற இயக்கம் 1920களிலும் 30களிலும் பரவியது. தன்னைத்தானே சோதித்தல், இன்னொரு மனிதரிடம் குற்றங்களை ஒப்புக்கொள்ளுதல், தீங்கிழைத்தவர்களிடம் சென்று ஈடு செய்தல் ஆகியவை அதன் பயிற்சிகள். நியூயார்க்கின் பங்குச்சந்தைக்காரரான பில் வில்சன் 1934 டிசம்பரில், மருத்துவமனையில் கிடந்தபோது, இந்த இயக்கத்தின் தொடர்பால் குடியை நிறுத்தினார். அதன்பின் பல மாதங்கள் மற்ற குடிநோயாளிகளைத் தேடித்தேடிப் பிரசங்கம் செய்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை.

1935 மே மாதம் ஒரு வியாபாரப் போட்டியில் தோற்று, ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், மேஃபிளவர் என்ற விடுதியின் கூடத்தில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறுபுறம் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல், பக்கத்தில் தொலைபேசி. தொலைபேசியை எடுத்தார். சுற்றிச்சுற்றி அது டாக்டர் பாப் ஸ்மித் என்ற குடிநோயாளியான அறுவை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. மே 12, ஞாயிறு மாலை. கால் மணி நேரம்தான் இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்த பாப், இரவு பதினோரு மணிக்குப் பிறகுதான் எழுந்தார்.

அன்று பில் பிரசங்கம் செய்யவில்லை என்பதுதான் செய்தி. உன்னைத் திருத்த வரவில்லை, நான் இன்றிரவு குடிக்காமலிருக்க எனக்கு உன்னிடம் பேசவேண்டியிருக்கிறது என்ற நிலையில் அவர் இருந்தார். சொல்பவன் தன்பொருட்டுச் சொல்கிறான், கேட்பவன் தன்பொருட்டுக் கேட்கிறான். இருவரில் யாரும் மேடையில் இல்லை. பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10 அந்த இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆக்ரன்காரர்கள் அக்காலத்தில் மிகவும் விரும்பி வாசித்தது விவிலியத்தின் யாக்கோபு நிருபம். ஒருவரிடம் ஒருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்லும் நிருபம் அது. 1939ல் அதே ஊரின் புனித தோமையார் மருத்துவமனையில், இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி, பாபுடன் சேர்ந்து குடிநோயாளிகளை நோயாளிகளாகவே படுக்கையில் சேர்க்கத் தொடங்கினார். இங்கே விசுவாசம் மருந்தை விரட்டவில்லை. அதற்குக் கட்டில் போட்டுக்கொடுத்தது.

அதே 1939ல் அவர்களுடைய நூல் வெளிவந்தது. பன்னிரண்டு படிகளின் வரைவைப் பார்த்து உள்ளேயிருந்த நாத்திகர்கள் சண்டையிட்டார்கள். விளைவாகக் கடவுள் என்ற சொல், அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்று விரிந்தது. ஏழாம் படியில் முழந்தாளிட்டு என்றிருந்தது நீக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு குழுவிடமிருந்தும் அதற்குள் விலகியிருந்தார்கள். அந்தச் சண்டைக்காரர்களுக்குத்தான் என் அண்ணன் கடன்பட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

கிறிஸ்தவர்கள் பலருக்கு இந்த விரிவு உவப்பாக இல்லை. பெயரில்லாத கடவுளிடம் எப்படிச் சரணடைவது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. 1877லேயே ஜெனீவாவில் லூயி லூசியன் ரோஷா என்ற போதகர் தொடங்கிய நீலச் சிலுவைச் சங்கம் போன்ற வெளிப்படையான கிறிஸ்தவ முயற்சிகள் ஏ.ஏ.வுக்கு முன்பே உண்டு. பின்னர் 1991ல் கலிஃபோர்னியாவின் சாடில்பேக் தேவாலயத்தில் ஜான் பேக்கர் 'செலிப்ரேட் ரெகவரி'யைத் தொடங்கினார். அங்கே பன்னிரண்டு படிகளும் விவிலிய வசனங்களோடு இணைக்கப்பட்டன. மலைப்பிரசங்கத்தின் பாக்கியங்களிலிருந்து எட்டுக் கொள்கைகள் வகுக்கப்பட்டன. உயர்ந்த சக்தி இயேசுவே என்று ஒளிவின்றிச் சொன்னார்கள்.

அறிமுக வாக்கியத்தையும் அவர்கள் மாற்றியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிறிஸ்துவுக்குள் ஒருவன் புதுச் சிருஷ்டி என்றால், சாகும்வரை தன்னைக் குடிநோயாளி என்று சொல்லிக்கொள்வது அதை மறுப்பதல்லவா? ஆகவே அங்கே ஒருவர் தன்னை விசுவாசி என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார், இன்னதோடு போராடுகிற விசுவாசி என்று. பெயர் மாறிவிட்டது, நோய் பெயரெச்சமாக ஒதுங்கிவிட்டது. 'போராடுகிற' என்பதில் காலமும் வந்துவிட்டது. இறையியல் ஒரு வாக்கியத்தின் இலக்கணத்துக்குள் இவ்வளவு துல்லியமாக இறங்கி நிற்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இதை அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அறைக்குப் போகத் தொடங்கி நான்கு ஆண்டுகள் குடிக்காமலிருந்தவர், 2014ல் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்த மறுவாரம் குடித்தார். துக்கமில்லை, கடனில்லை, சண்டையில்லை. பதினோரு நாட்கள். "அவங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கும்ல. ஆனா எனக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்ச அன்னைக்குத்தான் குடிச்சேன்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. அவரை அறை வாசல்வரை கொண்டுபோய் விட்டவன் நான். ஜெப இல்லத்தில் கேட்டது காதில் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னொருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் தன் பெயரைச் சொன்னார், அந்த வாக்கியத்தையும் சொன்னார். சொல்லில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் குடிக்காதபோதும், பதினோரு நாட்கள் குடித்தபின்பும் உண்மையாக இருக்கும்படி அந்த வாக்கியம் அமைக்கப்பட்டிருந்தது. கடந்தகாலத்தில் வெற்றியை அறிவித்தவனுக்குத் திரும்பிவரும் வழி அடைபட்டுவிடுகிறது. பந்தலில் சாட்சி சொன்னவர்களில் எத்தனை பேர் மறுபடி குடித்தபின் வெட்கத்தால் அந்தப் பக்கமே போகாமலிருந்தார்கள் என்பதை எங்கள் தெருவே அறியும்.

அதற்குப் பிறகு அண்ணன் குடிக்கவில்லை. மதமும் மாறவில்லை, நாத்திகமும் போகவில்லை. மூன்றாம் படிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "அந்த எட்டுப் பேருதான் எனக்குச் சாமி" என்பார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த முதியவர் தினமும் காலை ஆராதனைக்குப் போகும் தீவிர விசுவாசி. இருவரும் கடவுளைப் பற்றி வாதிட்டதே இல்லையாம். அம்மா கடைசிவரை சிலுவையை நம்பவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அவருக்கு முன்னதாகவே காப்பி போட்டு வைத்துவிடுவாள்.

இந்த முறை எல்லோருக்கும் பலிக்குமா என்றால், இல்லை. 2020ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முழுமையாகக் குடியை விடுவதில் ஏ.ஏ.வும் அதை நோக்கி ஆற்றுப்படுத்தும் சிகிச்சையும் பிற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தவையல்ல, சிலவற்றில் மேலானவை என்று கண்டது. அந்த முடிவு பன்னிரண்டு படிகளின் முறைக்குப் பொருந்துவது. ஜெபத்தால் குணமாக்குவோம் என்ற விளம்பரங்கள் அதைத் தமக்குரியதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த அறையில் கேட்ட மற்றவர்களின் கதைகள் எதையும் இங்கே எழுதவில்லை, எங்கும் எழுதப்போவதுமில்லை. அங்கே கேட்டது அங்கேயே இருக்கவேண்டும் என்பது விதி. நம்மைப் போன்றவர்களுக்குக் கடினமான விதிதான். அவற்றில் சில, நான் வாசித்த சிறந்த சிறுகதைகளுக்குச் சமமானவை. ஒரு கதைக்கு அங்கே பாராட்டு கிடையாது, விமர்சனம் கிடையாது. ஒருவர் முடித்ததும் நன்றி சொல்கிறார்கள், அடுத்தவர் தன் கதையைத் தொடங்குகிறார்.

வீட்டில் இத்தகைய ஒருவரை வைத்துக்கொண்டு இதை வாசிக்கும் நண்பர்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்லலாம். முதலில் மருத்துவமனை; எந்தக் குழுவும் அதற்குப் பின்தான். பிறகு, ஒரு குழு நல்லதா என்று அறிய அதன் சுவரில் என்ன தொங்குகிறது என்று பார்க்கவேண்டியதில்லை. அங்கே திருந்தியவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கவேண்டாம். மறுபடி குடித்துவிட்டு வருபவனுக்கு நாற்காலி போடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.