எக்ஸ்பிக்குப் பிரிண்டர் கொடுத்த கதை

அண்ணாச்சியின் டிடிபி கடையில் இன்னமும் பேஜ்மேக்கர் 7தான். அடோபி 2001இல் வெளியிட்டது. அதோடு அந்த வரிசையே நின்றுபோனது. ஆனால் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் கொடை நோட்டீஸ்களும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அதற்குள்தான் கிடக்கின்றன. போன வருட நோட்டீஸில் தேதியையும் வரிதாரர் பெயரையும் மாற்றினால் இந்த வருட வேலை முடிந்தது. எல்லாவற்றையும் புதிதாக அடியுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும், புதியதில் லினக்ஸ் ஏற்றி, அதன்மேல் விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கும் மெய்நிகர் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியைக் குடிவைத்தோம்.

"எல்லாம் வருது தம்பி, பிரிண்ட் மட்டும் வரலியே?"

தானாக வராதுதான். மெய்நிகர் கணினியின் ஹார்டு டிஸ்க் என்பது வெறும் ஒரு கோப்பு. நெட்வொர்க் கார்டு பாவனை. மேசைமேல் இருக்கும் பிரிண்டரோ நிஜம், அதுவும் ஒன்றே ஒன்று. யூஎஸ்பியின் ஏற்பாடும் கறாரானது. சாதனம் தானாக வாய் திறக்காது. கணினி கேட்டால்தான் பதில் சொல்லும். கேட்கும் எஜமான் ஒருவர்தான் இருக்கலாம். லினக்ஸ் அதை முழுக்கத் தாரை வார்த்தால்தான் எக்ஸ்பியின் கைக்குப் போகும்.

அதற்கு முதலில் நம் பயனரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' என்ற குழுவில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சாதனப் பட்டியல் காலியாக இருக்கும். சேர்த்த பிறகும், வெளியேறி மறுபடி உள்ளே வரும்வரை காலிதான். பாவம், பலர் இந்த இடத்தில்தான் கேபிளைச் சந்தேகப்பட்டுப் புதிது வாங்கிவிடுகிறார்கள். மெய்நிகர் கணினியின் யூஎஸ்பி கன்ட்ரோலரில் 3.0 ஆசை வேண்டாம். எக்ஸ்பியிடம் அதற்கு டிரைவர் இல்லை, 2.0 போதும். பிறகு, எந்தச் சாதனம் எக்ஸ்பிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஃபில்டர். தயாரிப்பாளர் எண், மாடல் எண் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற கட்டங்களை அழித்துவிடுவது என் வழக்கம். போர்ட் எண் மிச்சமிருந்தால், கடைப் பையன் கேபிளை வேறு துளையில் செருகும் அன்று பிரிண்டர் காணாமல் போகும்.

பொதுவாக நான் இந்த வழியைச் சொல்லவே மாட்டேன். பிரிண்டரை லினக்ஸிடமே விட்டு, அதன் அச்சுச் சேவையான கப்ஸ் மூலம் நெட்வொர்க்கில் பகிர்ந்து, எக்ஸ்பியிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்டாக அனுப்பினால் பாதித் தலைவலி மிச்சம். இங்கே அது எடுபடவில்லை. அண்ணாச்சியின் பழைய லேசர் பிரிண்டருக்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தைப் புள்ளிகளாக்கித் தருவதெல்லாம் கணினியிலுள்ள டிரைவரின் பொறுப்பு. அந்த டிரைவர் எக்ஸ்பியில் ஒழுங்காக ஓடியது, லினக்ஸில் ஓட மறுத்தது. போதாததற்கு, எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டதால், அதன் நெட்வொர்க்கை முதல் வேலையாகத் துண்டித்திருந்தேன். மிஞ்சியது கம்பி வழி ஒன்றுதான்.

சோதனைப் பக்கம் வந்து விழுந்தது. அண்ணாச்சி அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இது யாருக்கு வேணும்? கொடை நோட்டீஸ அடி தம்பி, ஓரம் வெட்டுப்படுதான்னு பாப்போம்."