நெய்யரியும் அப்பமும்

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூன்றாகப் பகுக்கிறார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடை. நெய்யரி என்பது நெய் வடிக்கும் பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் வலைபோல் பின்னிக் கிடக்கும் நார். நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்வதால் அதற்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

பள்ளியில் இதனைப் படித்த நாள்தொட்டு, நெய்யரிக்கு நீதி கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றிவந்திருக்கிறது. நெய் எங்கே போயிற்று? கீழே வைத்த பாத்திரத்தில் பத்திரமாக இருக்கிறதே!

யாழ்ப்பாணத்துச் சமையலறையில் அரிதட்டு இல்லாமல் ஒன்றும் நடவாது. கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்தால், சூடு ஆறுமுன் கட்டிகளை உடைத்து அரித்துவிட வேண்டும். ஆறினால் கல்லாகிவிடும். இடியப்பத்துக்கான மாவை நுண்ணிய கண்ணுள்ள அரிதட்டில் அரிக்க வேண்டும். ஒரு பருமணி தப்பிப் போனாலும் இடியப்ப உரலின் துளை அடைபட்டுவிடும். தேங்காய்ப்பூவைப் பிழிந்த பாலுக்கும் தேநீருக்கும் வடி வேண்டும். இவற்றிலெல்லாம் கீழே விழுவதே நமக்கு வேண்டியது.

ஆனால், மேலே தங்குவது எல்லாம் கழிவுதானா? இதற்கு அப்பம் விடை சொல்லும்.

ஊறவைத்த பச்சையரிசியை உரலில் இடித்து அரிக்கும்போது, அரிதட்டில் தங்கும் பருமணிக்குக் கப்பி என்று பெயர். என் தாயார் அதனை வீசியதில்லை. நீர்விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, அரித்த மாவுடன் சேர்த்துக் கள் விட்டுக் குழைத்துப் புளிக்க வைப்பார். வெந்த கப்பிதான் மாவைப் பிணைக்கும். அப்பத்தின் நடுவுக்கு மென்மை தரும். அரிதட்டு ஏற்க மறுத்ததே அப்பத்தின் உயிர்! கடையில் வாங்கிய மாவில் கப்பி இராது. புலம்பெயர்ந்த நாடுகளில் பலர் அதற்கு ஈடாகச் சோற்றை அரைத்துச் சேர்க்கிறார்கள். பெயர் மறைந்தாலும் தேவை மறையவில்லை.

செய்திமேசையில் இருந்த காலத்திலும் எனக்குக் கப்பி நினைவுக்கு வந்ததுண்டு. 1998 ஜூனில் போர்ச் செய்திகள் மீது தணிக்கை விதிக்கப்பட்டது. தணிக்கையும் ஓர் அரிதட்டே. ஆயின், அதன் கண்ணை அமைத்தவர்கள் வாசகருக்காக அமைக்கவில்லை. இறந்தோர் எத்தனை பேர், இடம்பெயர்ந்தோர் எங்கே தங்கியுள்ளனர் என்பன போன்ற வரிகள் மேலே தங்கின. வழுவழுப்பான அறிக்கைகள் கீழே விழுந்து அச்சேறின. வெட்டுண்ட தாள்களைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. மேசை இழுப்பறை ஒன்றில் சேர்த்து வைத்தேன். பிற்காலத்தில், தம் ஊரில் அந்நாள் என்ன நடந்தது என்று கேட்டு வந்தவர்களுக்கு, அச்சான பக்கங்களைவிட அந்தத் தாள்களே அதிகம் பயன்பட்டன.

அரிதட்டு தானாக எதனையும் கழிப்பதில்லை. அதன் கண்ணின் அளவை ஒருவர் தீர்மானிக்கிறார்; மேலே தங்கியதை என்ன செய்வதென்று இன்னொருவர் தீர்மானிக்கிறார். கடைமாணாக்கரைத் தேடுவதாயின், அரித்து முடிந்ததும் தட்டைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போகிறவர்களிடையேதான் தேட வேண்டும். நெய்யரி பாவம், அது தன் வேலையைச் செய்கிறது.