கட்டுச்சோறு

மகளுக்குப் பள்ளியில் இரண்டு படங்கள் வரையச் சொல்லியிருந்தார்கள். ஆணிவேர் ஒன்று, சல்லிவேர் ஒன்று. பொங்கல் விடுமுறைக்குச் சேத்தியாத்தோப்பு போனபோது நோட்டையும் எடுத்து வந்திருந்தாள். எனக்கு வேறு வேலை இருந்தது. அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். இந்த முறை எப்படியாவது அவரைச் சென்னைக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். "2004லேருந்து வீராணம் தண்ணி சென்னைக்கும் வருதுப்பா, அங்கயும் நம்மூர் தண்ணியத்தான் குடிக்கப்போறீங்க" என்று வசனமெல்லாம் தயார்.

அப்பா பேத்தியைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். முளைக்கீரையைப் பிடுங்கினால் நடுவில் தடித்த ஒரே வேர், அதிலிருந்து கிளைகள். விதையிலிருந்து வந்த முதல் வேர் நிலைத்துவிட்டால் ஆணிவேர். நெல்லில் அந்த முதல் வேர் சீக்கிரமே ஓய்ந்துவிடும். தண்டின் அடியிலிருந்து கொத்தாகப் புது வேர்கள் கிளம்பும். அது சல்லிவேர். இருவித்திலைக்கு அது, ஒருவித்திலைக்கு இது என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான்.

"கரும்புக்கு?" என்றாள்.

"அதுவும் சல்லிதான்" என்றேன்.

அப்பா சிரித்தார். நட்டு ஒரு மாதமான கரணையை மண்ணோடு பெயர்த்து, வாய்க்காலில் அலசிக் காட்டினார்.

கரும்பை நாங்கள் விதை போட்டு வளர்ப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டிய கரணைகளை நடுகிறோம். கரும்பின் கணுவைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக இருக்குமே, ஒவ்வொன்றும் ஒரு வேருக்கான இடம். ஈரம் பட்டதும் அங்கிருந்து நூல்போல வேர்கள் வரும். முளைக்கு ஆரம்பத்தில் தண்ணீர் தருவது அவைதான். சில வாரங்களில் முளையின் அடியிலிருந்தே தடித்த வெள்ளை வேர்கள் இறங்கும். பழையவை மெல்லக் கருத்து அழிந்துபோகும். அப்பா கையிலிருந்த கரணையில் இரண்டும் இருந்தன.

"இது தாய்க்கரும்பு கட்டிக்குடுத்த கட்டுச்சோறு, பாப்பா. புள்ள சொந்தமா வேர் விடுற வரைக்கும்தான்."

பதினேழு வயதில் அம்மா கட்டித்தந்த புளிச்சோற்றோடு கல்லூரிக்குப் பஸ் ஏறியது ஞாபகம் வந்தது. 'ஊர்தான் என் வேர்' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! இத்தனை வருடமாகச் சென்னையில் என்னைத் தாங்குவது நானே அங்கே விட்ட வேர். அதை ஒப்புக்கொள்ளத்தான் கூச்சம்.

ராத்திரி மெதுவாகப் பேச்செடுத்தேன். வீராணத்தையும் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வளந்த கரும்ப வேரோட புடுங்கி வேற கொல்லையில நட்டுப் பாத்திருக்கியா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. வெகுநேரம் அவர் இருமிக்கொண்டிருந்தார். கேட்டபடியே படுத்திருந்தேன்.

காலையில் மகள் நோட்டைக் காட்டினாள். கேட்ட இரண்டோடு மூன்றாவதாக ஒரு கரணை, இரண்டு நிறத்தில் வேர்கள். கிளம்புவதற்கு முன் கடைத்தெருவுக்குப் போய் இருமல் மருந்து வாங்கி வந்தேன். மாதம் ஒருமுறை நானே வந்துவிடுவதாகச் சொன்னேன். "வாடா" என்றார்.