முன் சக்கரத்தின் நியாயம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்!" எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொருவனுக்கும் கிடைக்கும் முதல் உபதேசம் இதுதான். சைக்கிளில் பிடித்த அச்சம் மோட்டார் சைக்கிளுக்கும் கூடவே வந்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் கால் பிரேக் மிதி தேய்ந்து பளபளக்கும். கை லிவரோ மெருகு குலையாமல் இருக்கும். என் தந்தையாரின் புல்லட்டும் அப்படிப்பட்டதுதான்.

அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டாலையில் வேலை. கவரைப்பேட்டைக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து சென்னை-கல்கத்தா நெடுஞ்சாலை வழியாகத்தான் போய்வர வேண்டும். அரசாங்கக் கணக்கில் அதற்கு இன்று எண் 16. எங்கள் வாயில் இன்னும் ஜி.என்.டி. ரோடுதான். இரவு ஷிப்டு என்றால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தப் புல்லட் ஒரு கட்டெறும்பு போலத்தான் ஊர்ந்து செல்லும்.

புல்லட் எங்களுக்கு அந்நியமான வண்டி அல்ல. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்துத் தொடங்கிய 'என்ஃபீல்டு இந்தியா' நிறுவனம் திருவொற்றியூரில்தான் அதைச் செய்தது. எங்கள் வண்டியும் 1980-களில் அங்கே பிறந்ததே. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக், முன் சக்கரத்தில் ஏழு அங்குல டிரம்.

சென்ற மழைக்காலத்தில், தந்தையாருடன் வேலை செய்யும் ஒருவர், விளக்கில்லாமல் சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறம் மோதிக் காலை இழந்தார். அன்றிலிருந்து அம்மா, தந்தையார் வீடு திரும்பும்வரை வாசற்படியை விட்டு எழுந்திருப்பதில்லை. நானும் வகுப்பில் படித்த இயக்கவியலை முதன்முறையாக எங்கள் வீட்டு வண்டியின்மேல் வைத்துப் பார்த்தேன்.

ஓடும் வண்டியை நிறுத்துவதென்பது அதன் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே. வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதனிடமுள்ள ஆற்றல் ஏறக்குறைய 41,700 ஜூல். ஒரு டீ கிளாஸ் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும்! அத்தனையையும் சில விநாடிகளில் பிரேக்குகள் வாங்கிக்கொள்ள வேண்டும். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. நிற்கும்போது இரு சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்த பாரத்தில், பலமாகப் பிடிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு முன் சக்கரத்தின்மேல் ஏறிவிடுகிறது. பாரம் குறைந்த பின் சக்கரம் எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். தரையைக் கவ்விப் பிடிக்கும் வலிமை யாரிடம் இருக்கிறதோ, அவரைத்தான் நாம் வேலைக்கே கூப்பிடுவதில்லை!

இதைச் சொன்னபோது தந்தையார் சிரிக்கவில்லை. "இது புஸ்தகம் சொல்றதா, நீ சொல்றதா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான், நைனா."

"அப்போ அளந்து காட்டு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆளில்லாத மனைப்பிரிவுத் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்தோம். 40 கிலோமீட்டர் வேகம். பின் பிரேக் மட்டும் பிடித்தபோது 21 மீட்டரில் வண்டி நின்றது. முன் லிவரைத் தொட அவர் விரல்கள் தயங்கின, ஆனாலும் தொட்டார். இரண்டும் சேர்ந்து 16 மீட்டர். டேப்பை அவரே குனிந்து இருமுறை படித்தார். பிறகுதான், "அந்த முன் பிரேக்கை நல்லதாப் போட என்ன ஆகும்?" என்று கேட்டார்.

வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று டிஸ்க் பிரேக். இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1969-ல் வந்த ஹோண்டா சி.பி.750 அதை மோட்டார் சைக்கிள் உலகில் பரப்பியது. நம் நாட்டிலோ 1983-ல் ராஜ்தூத் 350 வந்தபோது, மூல யமஹாவில் இருந்த முன் டிஸ்கை நீக்கி டிரம்மையே பொருத்தினார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் பழைய புல்லட்டுக்கு டிஸ்க் போட வேண்டுமானால் ஃபோர்க், ஹப், லிவர் என்று பாதி வண்டியையே மாற்ற வேண்டியிருக்கும்.

மற்றது எளிது. பழைய டிரம்மில் இரண்டு ஷூக்கள். ஒரே கேம் இரண்டையும் விரிக்கும். அவற்றுள் ஒன்றை, சுழலும் டிரம்மின் உராய்வே மேலும் இழுத்து அழுத்துகிறது. அது லீடிங் ஷூ. மற்றதை அதே உராய்வு தள்ளிவிடுகிறது. ஆக, பெரும்பாலான உழைப்பு ஒருவனுடையது! 'ட்வின் லீடிங்' தட்டில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி கேம், இரண்டுமே லீடிங். எங்கள் ஹப்பிலேயே அது பொருந்தும். அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தார்.

மெக்கானிக் அண்ணனின் கடையில் அரைநாள் வேலை. பழைய லைனிங் தூசியை அவர் ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தார். அதில் கல்நார் இருக்கக்கூடும், அது நுரையீரலுக்கு நஞ்சு. புது லைனிங்கில் சாக்பீஸ் தடவிச் சக்கரத்தைச் சுற்றி, மேடு தெரிந்த இடங்களை உப்புத்தாளால் தேய்த்தார். இரு கேம்களையும் இணைக்கும் கம்பியின் நீளத்தை, இரண்டு ஷூவும் ஒரே கணத்தில் டிரம்மைத் தொடும்படி திருகினார். "இது சரியில்லைன்னா காசு தண்டம், தம்பி" என்றார். பலமாகப் பிடிக்கும்போது கேபிளும் கேமின் கையும் செங்கோணத்தில் இருக்கப் பார்த்துக்கொண்டார். திருப்புத்திறனைப் பாடமாகப் படித்தவன் நான். கையால் அறிந்தவர் அவர்.

சில நாட்கள் ஓட்டி லைனிங் படிந்தபின் மீண்டும் அளந்தோம். 12 மீட்டர்! வேகம் ஒன்றரை மடங்கானால் தூரம் இரண்டேகால் மடங்காகும். எனவே 60-ல், பின் பிரேக்கை மட்டும் நம்பினால் 47 மீட்டர், இப்போது 27. மிச்சமாகும் 20 மீட்டரில் ஒரு கன்டெய்னர் லாரியே அடங்கும்.

இந்தப் பிரேக்குக்கும் குறை உண்டு. மேட்டில் வண்டி பின்னோக்கி உருளும்போது இரண்டு ஷூவும் தளர்ந்துவிடும்; அங்கே கால் பிரேக்தான் துணை. மணலிலும் மழையிலும் லிவரைச் சட்டென்று இறுக்கினால் முன் சக்கரம் வழுக்கும். முதலில் மெல்ல, பிறகு அழுத்தி என்று பிடிப்பதே முறை. குப்புறத் தள்ளியது முன் பிரேக் அல்ல, பதற்றமே.

இப்போது தந்தையார் தம் ஆலை நண்பர்கள் இருவரை அழைத்து வந்திருக்கிறார். "எம் பையன் அளந்து காட்டினான்" என்று அவர்களிடம் சொன்னார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். 'இந்தப் படிப்பால் என்ன பயன்?' என்று உறவினர் கேட்கும்போதெல்லாம் விழித்திருக்கிறேன். இனி 9 மீட்டர் என்று சொல்வேன்.

நண்பர்களே, நம்மில் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் இதே சாலையில்தான் வேலைக்குப் போகிறார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அவர்களுடைய வண்டியின் முன் லிவரை ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.